டிவி சொன்னதா, பக்கத்து வீட்டில் சொன்னதா?

2021 ஏப்ரல் 15. நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். நாலு பேர் பார்த்துத் தைரியமாக வரட்டும் என்றுதான் கேமராக்களுக்கு முன்னால் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலையில் இறந்துபோனார். ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மத்திய அரசின் நிபுணர் குழுவும் விசாரித்து அதையேதான் சொன்னது. ஆனால் குழு சொல்லி முடிக்க மாதக்கணக்கானது. காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, ஊசிதான் காரணம் என்ற வாட்ஸப் வதந்தி வந்துசேர அரை மணி நேரம் போதுமாயிருந்தது.

எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் இருக்கிறார். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில் தனியாக. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். பேச்சுத்துணை என்றால் டிவிதான். தடுப்பூசி விளம்பரத்தை அவர் ஒரு நாளைக்கு இருபது முறையாவது பார்த்திருப்பார். அதற்கு முந்தைய ஒரு வருடமாகப் போனை எடுத்தாலே இருமல் சத்தமும் அறிவுரையும். ஆனாலும் ஆச்சி அசையவில்லை. “நல்லா இருந்த மனுசன், ஊசி போட்ட மறுநாளே போயிட்டாரு. எனக்கு வேணாம்ப்பா” என்பது தீர்ப்பு.

ஆனி மாதம் அதே ஆச்சி போட்டுக்கொண்டார். நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொன்னால், ஊடகமும் ஆளுக்கு ஆள் பேச்சும் நம் எண்ணத்தையும் நடத்தையையும் எப்படி மாற்றுகின்றன என்ற பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

எண்ணம் ஒரு பக்கம், காரியம் ஒரு பக்கம்

முதலில் ஒரு சொல். ஒரு பொருளையோ ஆளையோ வழக்கத்தையோ பற்றி நமக்குள் நிலையாக இருக்கும் சாய்வுக்கு ‘மனப்பாங்கு’ என்று பெயர். அதில் மூன்று கலந்திருக்கும். ஒன்றைப் பற்றி நமக்குத் தெரிந்தது, அதன் மீது நமக்குள்ள பிடிப்பு அல்லது வெறுப்பு, அதை ஒட்டிச் செய்யலாம் என்று நினைப்பது. நாம் நிஜமாகவே செய்வது ‘நடத்தை’. எண்ணம் மாறினால் காரியம் தானாக மாறிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். விளம்பரத்துக்குப் பணம் கொடுப்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1930-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியுடன் நாடெங்கும் காரில் சுற்றினார். சீனர்கள் மீது அங்கே கடும் வெறுப்பு நிலவிய காலம். தங்கும் விடுதி, உணவகம் என்று 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, “சீனர்களை ஏற்றுக்கொள்வீர்களா?” என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் “மாட்டோம்” என்றார்கள். 1934-இல் அவர் இதைக் கட்டுரையாக எழுதினார். அதில் உள்ள குறைகளைப் பின்னால் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் அன்று வாசலில் நின்று வரவேற்றவரும் ஒரே ஆளா என்பது முக்கியமான கேள்வி. ஆனால் சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்பதை அதற்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை.

நம் ஊரில் இதற்குக் கார்ப் பயணமெல்லாம் வேண்டாம். ஒரு நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான் பரப்பியிருக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் என்று வரிசை வரிசையாக. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், “இவ்வளவும் எதுக்கு? ரூமுல பூட்டித்தானே வைக்கப்போறோம்” என்பார்கள். நெஞ்சறிந்துதான் சொல்கிறார்கள். அவரவர் வீட்டுக் கல்யாணம் வரும்போது, ஒரு வரிசை கூடுமே தவிரக் குறையாது.

அயோவா சோளமும் பக்கத்து வயலும்

அந்தப் பள்ளத்தை எது தாண்டவைக்கிறது? வானொலி பெருகிய காலத்தில், ஊடகம் ஊசி போல வேலை செய்யும், ஏற்றினால் நேரே ரத்தத்தில் கலந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். 1940-இல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் அதைச் சோதிக்க நினைத்தார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி என்ற மாவட்டம். அந்த வருட அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் வில்கியும் போட்டி. மே முதல் நவம்பர் வரை 600 வாக்காளர்களை மாதம் தவறாமல் சந்தித்து, யாருக்குப் போடப்போகிறீர்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பத்திரிகையும் வானொலியும் மனத்தை மாற்றியவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் தங்களுக்கு ஏற்கெனவே பிடித்ததைத்தான் தேடிப் படித்தார்கள், கேட்டார்கள். மனம் மாறியவர்கள் காரணமாகச் சொன்னது பெரும்பாலும் ஓர் ஆளை. கூட வேலை பார்ப்பவர், மச்சான், அண்டைவீட்டுக்காரர்.

அதிலிருந்து வந்ததுதான் ‘இருபடி ஓட்டம்’ என்ற கருத்து. செய்தி ஊடகத்திலிருந்து நேரே எல்லோருக்கும் போவதில்லை. முதலில் செய்தியை உன்னிப்பாகக் கவனிக்கும் சிலரிடம் போகிறது. அவர்கள் வழியாக மற்றவர்களுக்கு. இந்தச் சிலரைப் பாடப்புத்தகங்கள் ‘கருத்துத் தலைவர்கள்’ என்கின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிக்காது. மேடையும் மாலையும் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் பக்கத்தில் ‘சொல்லு எடுபடுற ஆள்’ என்பார்கள். அதுதான் சரி. அவர் பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஆள் மாறும். போர்வெல் போட எங்கே தண்ணீர் பார்ப்பது என்பதற்கு ஒருவர் சொல் எடுபடும். பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்றால் வேறொருவர். பலகாரம் சுடக் கூப்பிட வேண்டிய ஆளை நிச்சயமாக மூன்றாமவர்தான் சொல்வார்.

இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியது அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மக்காச்சோளக் கதை. அங்கே வீரிய ஒட்டு விதை 1928 வாக்கில் விவசாயிகளிடம் வந்தது. பழைய விதையைவிட விளைச்சல் அதிகம், வறட்சியும் தாங்கும். நல்ல சரக்கு என்றால் மறுவருடமே எல்லோரும் வாங்கியிருக்க வேண்டுமே? ஏறக்குறைய எல்லோரும் மாறப் பதிமூன்று வருடம் பிடித்தது. ரையன், கிராஸ் என்ற இருவர் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943-இல் எழுதினார்கள். ‘முதலில் யார் சொல்லித் தெரிந்தது?’ என்றால், விதைக் கம்பெனியின் விற்பனையாளர். ‘யார் சொல்லி விதைத்தீர்கள்?’ என்றால், பக்கத்து வயல்காரர். முதல் வருடம் பெரும்பாலோர் முழு நிலத்திலும் போடவில்லை. ஓரமாகக் கொஞ்சம் போட்டுப் பார்த்தார்கள்.

காதில் போடுவது ஒருவர், கையை நீட்டவைப்பது வேறொருவர். ஊடகத்துக்கு முதல் வேலை நன்றாக வரும். இரண்டாவது வேலைக்கு ஆள் வேண்டும்.

செட்டிநாட்டின் பழைய வட்டிக்கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம். ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள், நடப்பு வட்டி எவ்வளவு என்பதை முகல் தெருக் கோவிலில் மாதாமாதம் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள். கடிதமும் தந்தியும் இருந்த காலம்தான். ஆனாலும் முகம் பார்த்து ஒத்துக்கொண்ட வட்டியை மறுநாள் மீறுவது கஷ்டம்.

திண்ணையில் நடந்தது

மறுபடி ஆச்சிக்கு வருவோம். எங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரை எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் வெயிலுக்கு ஒதுங்கி ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். ஆச்சி மோர் கொண்டுவந்து கொடுத்தார். முதல் கால் மணி நேரம் ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆச்சியின் முழங்கால் வலி, நர்சம்மாவின் மகன் பிளஸ் டூ, இப்படி.

அப்புறம் ஆச்சியே ஆரம்பித்தார். “ஊருல எல்லாரும் போட்டுக்கிட்டாகளா?”

“பாதிப் பேரு போட்டாச்சு ஆச்சி. உங்களுக்குத்தான் சுகர் இருக்கே, நீங்கதான் முதல்ல போட்டிருக்கணும்.”

“அந்த நடிகரு...”

“அவருக்கு ரத்தக்குழாயில அடைப்பு இருந்திருக்கு ஆச்சி. அது ஒரு நாள்ல வர்றதா? நான் ரெண்டு ஊசியும் போட்டுட்டுத்தான் உங்க மோரைக் குடிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“காய்ச்சல் வருமாமே?”

“வரும். எனக்கும் ஒருநாள் வந்துச்சு. மாத்திரை தர்றேன், ராத்திரிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் துணைக்குப் படுக்கச் சொல்றேன்.”

ஆச்சி கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லத்தா. நீ சொல்றேங்கிறதுக்காக வர்றேன்.”

ஈரி மாவட்ட ஆய்வுக்காரர்கள், நேர்ப்பேச்சு ஏன் பலிக்கிறது என்பதற்கு ஐந்து காரணம் சொன்னார்கள். ஐந்தும் அந்தத் திண்ணையில் இருந்தன. பேச்சு தற்செயலாகத் தொடங்கியது. ஆச்சி காதைப் பொத்திக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. விளம்பரம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடலாம், மோர் குடிப்பவரின் சத்தத்தைக் குறைக்க முடியாது. அடுத்து, எதிர்க்கேள்விக்குத் தக்கபடி பதில் வளைந்து கொடுத்தது. காய்ச்சல் வருமா என்று டிவியிடம் கேட்டால் அது அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடும். மூன்றாவது, சரி என்றதும் நர்சம்மா முகத்தில் வந்த சிரிப்பு, கைமேல் பலன். நான்காவது, இருபது வருடப் பழக்கம் தந்த நம்பிக்கை. ஐந்தாவதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. மனம் மாறாமலே காரியம் நடக்கலாம். ஆச்சியின் மனப்பாங்கு அந்த நிமிடம் வரை மாறவில்லை. நடத்தை மாறிவிட்டது.

எண்ணம் பிறகு மெதுவாகப் பின்னால் நடந்து வந்து சேர்ந்தது. ஊசி போட்ட மறுவாரம், “ஒண்ணும் பண்ணலப்பா, சும்மா பயமுறுத்திட்டானுக” என்றார். செய்துவிட்ட காரியத்துக்கு ஏற்றபடி எண்ணத்தைச் சரிசெய்துகொள்வது மனிதருக்கு இயல்பு.

அப்படியானால் ஊடகம் சும்மாவா?

இல்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. 1968-இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 பேரிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டார்கள். செய்திகள் எந்த வரிசையில் அவற்றை அழுத்திச் சொல்லினவோ, ஏறக்குறைய அதே வரிசையில் மக்களும் சொன்னார்கள். திண்ணையில் ஆச்சிதானே முதலில் ஊசிப் பேச்சை எடுத்தார்? எடுக்கவைத்தது டிவி.

இன்னொன்று, எது ‘சாதாரணம்’ என்பதை ஊடகம் சத்தமில்லாமல் நகர்த்தும். ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளியலாளர்கள், தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலங்களில் 2001 முதல் 2003 வரை கிராமக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த இடைவெளியில் சில ஊர்களுக்குக் கேபிள் டிவி வந்தது. வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண்பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது. 2009-இல் அச்சான ஆய்வு இது. சீரியலை நாம் எவ்வளவு கேலி செய்தாலும், அதில் வரும் பெண் வேலைக்குப் போகிறாள், எதிர்த்துப் பேசுகிறாள், தனியாகப் பஸ் ஏறுகிறாள். மறுநாள் குழாயடியில் அதுதான் பேச்சு. அந்தக் குழாயடிப் பேச்சு இல்லாமல் சீரியல் மட்டும் இவ்வளவு செய்திருக்குமா என்பது என்னுடைய கேள்வி. ஆய்வு அதைச் சொல்லவில்லை.

இரண்டும் கைகோத்து வேலை செய்ததைப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. செட்டிநாட்டில் ராயவரம், அரிமளம் பக்கமெல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக் கொடுக்கலாம் என்று முடிவானது. கிராமத்துப் பெண் சைக்கிளில் போவதை ஆண்கள் நின்று கேலி பேசிய காலம். பாட்டுக் கட்டினார்கள், தெருவில் நாடகம் போட்டார்கள். அது ஊடகம். ஆனால் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தது முந்தின வாரம் கற்றுக்கொண்ட இன்னொரு பெண். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பார் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி.

அந்த ஊர்வலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெண் தனியாக ஓட்டினால் அது அவளுடைய துணிச்சல். நூறு பேர் சேர்ந்து ஓட்டினால், வீட்டுக்குள்ளிருந்து பார்க்கும் நூற்றியோராவது பெண்ணுக்கு, ‘இது ஊர்வழக்கம்’ என்று தோன்றிவிடுகிறது. அடுத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோமோ, அதுதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. சாமான் பரப்பும் கல்யாணத்தில் எல்லோருக்கும் உள்ளுக்குள் சலிப்பு. ஆனால் தனக்கு மட்டும்தான் சலிப்பு என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். எலிசபெத் நோயல்-நாய்மன் என்ற ஜெர்மானியர் 1974-இல் இதற்கு ‘மௌனச் சுருள்’ என்று பெயர் வைத்தார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர் பேசாமலிருப்பார், அவர் பேசாததால் அந்தக் கருத்து இன்னும் சிறியதாகத் தெரியும், அடுத்தவரும் அடங்குவார். 1920-களிலேயே ‘குமரன்’, ‘ஊழியன்’ என்று காரைக்குடியிலிருந்து சீர்திருத்தம் பேசிய ஏடுகள் வந்தன. ஏட்டில் படித்துத் தலையாட்டுவது சுலபம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வதற்குத்தான் நாக்கு எழாது.

பங்காளிகள் குரூப்

இப்போது வாட்ஸப். இது ஊடகமா, நேர்ப்பேச்சா? இரண்டுக்கும் பிறந்த பிள்ளை. எங்கோ முகம் தெரியாதவர் செய்து அனுப்பிய சரக்கு, சித்தப்பா பெயரில், சித்தப்பா படத்தோடு வந்து நிற்கிறது. சித்தப்பா மேல் உள்ள நம்பிக்கை அந்தச் சரக்கின் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் திண்ணையில் இருந்த மற்றது இதில் இல்லை. “காய்ச்சல் வருமா?” என்று திருப்பிக் கேட்டால் சித்தப்பாவுக்குத் தெரியாது, அவரும் ஃபார்வேர்டு செய்தவர்தான்.

கூடவே திரும்பத் திரும்ப வருவதன் பலம். ஒரே செய்தியைப் பலமுறை கேட்டால், உண்மையோ பொய்யோ, அது உண்மை மாதிரித் தோன்ற ஆரம்பிக்கும் என்று ஹேஷர் என்ற உளவியலாளரும் இரண்டு சகாக்களும் 1977-இலேயே சோதித்துக் காட்டினார்கள். பங்காளிகள் குரூப், ஸ்கூல் நண்பர்கள் குரூப், கோவில் திருப்பணி குரூப் என்று மூன்றிலும் ஒரே ஆடியோ வந்தால், மூன்று பேர் தனித்தனியாக விசாரித்துச் சொன்ன மாதிரி மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. வதந்தியால் அடித்துக் கொல்லும் சம்பவங்கள் நடந்த பிறகு, வாட்ஸப் 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கோ ஐந்து குரூப்புக்கோ மேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2020-இல், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் என்று இன்னும் இறுக்கியது. வேகம் குறைந்திருக்கும். சித்தப்பாவின் முகம் அப்படியே இருக்கிறது.

‘இதெல்லாம் மற்றவர்களுக்கு, நான் ஏமாற மாட்டேன்’ என்று இங்கே உங்களுக்குத் தோன்றினால், அதற்கும் பெயர் உண்டு. ஊடகம் என்னைவிட அடுத்தவரைத்தான் அதிகம் பாதிக்கும் என்று நினைப்பதை 1983-இல் டேவிசன் என்பவர் ‘மூன்றாமவர் விளைவு’ என்றார். இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். அந்த வாரம்தான், கடையில் பத்து நிமிடம் நின்று யோசித்துவிட்டு, விளம்பரப் பாட்டு வாயில் வந்த எண்ணெயை வாங்கி வந்திருந்தேன்.

ஆச்சி ஊசி போட்டுக்கொண்ட செய்தி தெருவில் பரவியது. “அந்த ஆச்சியே போட்டுக்கிட்டாகளாம்” என்பதுதான் பேச்சு. அந்த ‘ஏ’-யில்தான் முழு விளம்பரமும் இருந்தது. அடுத்த முகாமுக்கு எங்கள் தெருவிலிருந்தும் மேலத்தெருவிலிருந்தும் ஏழெட்டுப் பேர் போனார்கள். பிறகு ஒருநாள் அவர்களில் ஒருவரிடம், எப்படி மனம் மாறினீர்கள் என்று கேட்டேன்.

“டிவியிலதான் அவ்வளவு தூரம் சொன்னாகளே தம்பி, பார்த்துத்தான் போட்டுக்கிட்டோம்” என்றார்.